டி.பி. போலவே ஒரு கிருமி

அன்புள்ள சகோதரிக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், வெளியிடவில்லை. ஆனால் பதிலை உங்களுக்கு மட்டும் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. உங்கள் அம்மாவைப் போல ஒரு முறை டி.பி. வந்து குணமாகி, சில வருடம் கழித்து மறுபடி இருமத் தொடங்கி, திரும்பவும் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் இது பட வேண்டும்.

காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். டாக்டர் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் நுரையீரல் மருத்துவர்தான். நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாள்களில் எழுதியிருப்பது என்ன என்பதை என்னால் சொல்ல முடியும்.

நீங்கள் அனுப்பிய மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் தாள் சளிப் பரிசோதனை: கிருமி இருக்கிறது, ஒன் பிளஸ். இரண்டாவது சி.பி.நாட்: காசநோய்க் கிருமி கண்டறியப்படவில்லை. மூன்றாவது, பல வாரம் கழித்து வந்த வளர்ப்புச் சோதனை: நான்-டியூபர்குலஸ் மைக்கோபேக்டீரியம். "ஒன்று இருக்கிறது என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, எந்த மிஷின் பொய் சொல்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் பொய் சொல்லவில்லை. மூன்றும் உண்மை. மூன்றையும் சேர்த்துப் படிக்க யாரும் உட்காரவில்லை, அதனால்தான் நடுவில் அம்மாவுக்கு இத்தனை மாதம் டி.பி. மாத்திரை போயிருக்கிறது.

கண்ணாடித் தகட்டில் சளியைத் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்குவோம். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவுவோம். மற்ற கிருமிகளில் ஏறிய சாயமெல்லாம் அமிலத்தில் போய்விடும். மைக்கோபேக்டீரியம் என்ற குடும்பத்துக் கிருமிகள் மட்டும் சாயத்தை விடாது. அவற்றின் மேல்சுவர் தடித்த மெழுகால் ஆனது, ஏறிய சாயம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்த பிறகு, அதே வருடமும் அடுத்த வருடமும் சீல், நீல்சன் இருவரும் செம்மைப்படுத்திக் கொடுத்த முறை இது. இன்றும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது இதுதான். ஒரே குறை, அந்தக் குடும்பத்தில் இருநூறுக்கு நெருங்கிய இனங்கள் உண்டு, எல்லாமே இந்தச் சாயத்தில் சிவப்புக் குச்சிதான். காசநோய்க் கிருமி அதில் ஒன்று. தொழுநோய்க் கிருமி இன்னொன்று. மிச்சமிருக்கும் பெரும்பாலானவை மண்ணிலும் தண்ணீரிலும் தன்பாட்டுக்கு வாழ்கிறவை. நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சி.பி.நாட் அப்படியில்லை. அது காசநோய்க் கிருமிக் கூட்டத்தின் மரபணுவை மட்டும் தேடும். சுமார் இரண்டு மணி நேரத்தில் இருக்கிறதா இல்லையா என்றும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்றும் சொல்லிவிடும். வேறு மைக்கோபேக்டீரியம் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கண் தெரியாது. ஆகவே சளியில் சிவப்புக் குச்சி இருந்து, சி.பி.நாட்டில் காசநோய் இல்லை என்று வந்தால், உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும்: இது அந்தக் குடும்பத்தின் வேறு இனமோ? அதை உறுதிசெய்ய ஒரே வழி கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

இங்கேதான் உங்கள் பொறுமை போனது. "ஒரு ரிசல்ட் வர இத்தனை வாரமா?" என்று கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயம், ஆனால் அதில் பாதி கிருமியின் மேல் போக வேண்டியது. வயிற்றுப்போக்குக் கிருமியான ஈ.கோலை நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். மாலையில் விதைத்தால் மறுநாள் காலையில் தட்டு முழுக்க வளர்ந்திருக்கும். காசநோய்க் கிருமி ஒரு முறை இரண்டாக 18 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உங்கள் அம்மாவின் நுரையீரலில் இருப்பதாக நான் சந்தேகப்படும் இனங்களும் இந்த மெதுவான கூட்டத்தைச் சேர்ந்தவையே. 1959-ல் எர்னஸ்ட் ரன்யன் என்ற அமெரிக்கர் இந்தக் குடும்பத்தை வகை பிரித்தபோது வளரும் வேகத்தையும் நிறத்தையும்தான் அளவாக வைத்தார். கண்ணுக்குத் தெரியும் அளவு வளர ஏழு நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால் அது மெதுவினம். அந்தப் பிரிவினை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கூடத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், நேரம் எங்கே போகிறது என்று தெரியும். வந்த சளியில் வாயிலும் தொண்டையிலும் இருக்கும் ஆயிரம் கிருமிகள் கலந்திருக்கும். அவை வேகமாக வளர்கிறவை, அப்படியே விதைத்தால் நமது மெதுவான கிருமி தலைகாட்டுமுன் எல்லா உணவையும் தின்றுவிடும். அதனால் சளியில் காரம் சேர்ப்போம். மற்றவை செத்துப்போகும், மெழுகுச் சுவர் உள்ளது பிழைத்துக்கொள்ளும். பிறகு சுழற்றி, அடியில் தங்குவதை எடுத்து விதைப்போம். ஒரு பங்கு திரவ ஊடகத்துக்கு, அதை இயந்திரம் 42 நாள் வரை பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு பங்கு கோழிமுட்டையும் மாலகைட் பச்சையும் சேர்த்து உறையவைத்த லோவென்ஸ்டீன்-ஜென்சன் சரிவுக்கு. அதை எட்டு வாரம் வரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வளரவில்லை என்று எழுத வேண்டும். பச்சைச் சரிவில் காசநோய்க் கிருமி வளர்ந்தால் சந்தன நிறத்தில், காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாகக் குவிந்திருக்கும். ஏவியம் என்ற இனம் வளர்ந்தால் வழவழப்பாக, வெளிறி, மெல்லிய குமிழாக இருக்கும். கன்சாசி என்ற இனத்தை இருட்டில் வைத்திருந்து வெளிச்சத்தில் காட்டினால் மஞ்சளாக மாறும். காலையில் அடைகாப்பானைத் திறந்து, சொரசொரப்பை எதிர்பார்த்த குழாயில் வழவழப்பைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடும். வளர்ந்தது காசநோய்க் கிருமியா இல்லையா என்று ஒரு சிறிய அட்டைச் சோதனை கால் மணி நேரத்தில் சொல்லிவிடும். இல்லை என்றால் உங்களுக்கு வந்த அந்த மூன்றாவது தாள் எழுதப்படும்.

அதில் எனக்கு ஒரு வருத்தம். அந்தத் தாள் பாதியில் நிற்கிறது. "காசநோய் அல்லாத மைக்கோபேக்டீரியம்" என்பது எந்தக் கிருமி இல்லை என்று சொல்கிறதே தவிர, எந்தக் கிருமி என்று சொல்லவில்லை. ஏவியமா, இன்ட்ராசெல்லுலாரேயா, கன்சாசியா, சிமியேவா, அப்சஸஸா? மருந்து அதைப் பொறுத்து மாறும், காலம் மாறும், குணமாகும் வாய்ப்பு மாறும். இனத்தைப் பிரிக்கும் பட்டைச் சோதனை சில கூடங்களில் செய்கிறார்கள். எல்லா மாவட்டத்திலும் வளர்ப்புக்கூடமே கிடையாது என்பதால் மாதிரி வெளியூர் போக வேண்டியிருக்கும். போகட்டும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "டாக்டர், இந்தக் கிருமியின் பெயர் என்ன? இனம் பிரித்துப் பார்க்க எங்கே அனுப்பலாம்?" தயங்காமல் கேளுங்கள். இந்தக் கடிதத்தில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்க வேண்டும்.

இவை புதிய கிருமிகள் என்று நினைக்காதீர்கள். ஏவியம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கோழிகளின் காசநோயில் தெரிந்த கிருமி. கன்சாசியை 1953-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் பூலர், போலக் என்ற இருவர் நோயாளிகளின் நுரையீரலிலிருந்து எடுத்து "மஞ்சள் கிருமி" என்று எழுதினார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் பேட்டி என்ற காசநோய் ஆஸ்பத்திரியில், டி.பி. என்று வருடக்கணக்கில் படுத்திருந்தவர்களில் சிலருக்கு இருந்தது டி.பி.யே இல்லை என்று 1950-களில் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயரிலேயே அந்தக் கிருமியை வெகுகாலம் அழைத்தார்கள். இன்று அதுதான் இன்ட்ராசெல்லுலாரே. சிமியே 1965-ல் ஹங்கேரியில் கண்டுபிடிக்கப்பட்டது. எதிலிருந்து தெரியுமா? ஆராய்ச்சிக்காக இந்தியாவிலிருந்து கொண்டுபோன குரங்குகளிலிருந்து.

நம் மாநிலத்திலும் இதைத் தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மிகப் பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்று 1979-ல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. (குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோய் வராமல் அது காக்கிறது, அதனால் பிறந்ததும் போடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை.) ஏன் தடுக்கவில்லை என்று தேடியவர்கள் முன்வைத்த காரணங்களில் ஒன்று, அந்த ஊர் மக்கள் சின்ன வயதிலிருந்தே மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இந்த உறவுக் கிருமிகளோடு பழகியிருக்கிறார்கள் என்பது. சென்னை சேத்துப்பட்டில் அன்று காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தைச் சேர்ந்த பரமசிவனும் உடன் வேலை செய்தவர்களும் 1981-ல் அந்தப் பகுதி மக்களின் சளியில் வளர்ந்த காசநோய் அல்லாத கிருமிகளை இனம் பிரித்தார்கள். அதிகம் கிடைத்தது ஏவியம்-இன்ட்ராசெல்லுலாரே கூட்டம்தான். பிறகு அதே பகுதியின் மண்ணையும் தண்ணீரையும் தூசியையும் சோதித்து, அங்கும் இந்தக் குடும்பத்துக் கிருமிகள் இருப்பதை 1994-ல் வெளியிட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் இல்லை. இந்தக் கிருமி நம்மோடு எவ்வளவு நெருக்கமாக வாழ்கிறது என்பதை அது காட்டியது.

ஆகவே "எங்கிருந்து வந்தது?" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: எங்கிருந்தும் வந்திருக்கலாம். குளத்துத் தண்ணீர், குழாயின் உட்புறம் படியும் வழுவழுப்பு, மேல்தொட்டி, தோட்டத்து மண், காற்றில் பறக்கும் புழுதி. அந்த மெழுகுச் சுவரால் குளோரினுக்கும் அது எளிதில் சாகாது. நாமெல்லோரும் தினமும் கொஞ்சம் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அதை வெளியே தள்ளிவிடும். எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: அம்மாவின் நுரையீரல் ஏன் அதை வெளியே தள்ளவில்லை?

அந்த விடையை உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வேறு விஷயமாக நினைத்து. அம்மா கல்யாணமான நாளிலிருந்து கல் உடைத்தவர். 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவர். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த வருடங்களில் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள் குவாரியின் பொறுப்பையே கையில் எடுத்ததை நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. உங்கள் அம்மா அந்தக் குழுவில் இருந்ததைப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அந்தப் பெண்கள் செய்தது சின்னக் காரியமில்லை. ஆனால் குத்தகை யார் கைக்கு மாறினாலும் கல்லிலிருந்து எழும்பும் தூசி மாறவில்லை.

நார்த்தாமலை, குடுமியான்மலை வட்டாரத்துப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு. அதில் இருப்பது சிலிக்கா. சம்மட்டி விழும்போதும் கிரஷர் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கிறது. மூக்கில் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் புழுதியைத்தான் தடுக்கும். ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய தூள் நேராக நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கே காவலுக்கு இருக்கும் அணுக்கள் உள்ளே வந்ததை விழுங்கி அழிப்பவை. அவை சிலிக்காத் தூளையும் விழுங்கும், ஆனால் செரிக்க முடியாமல் செத்துவிழும். மைக்கோபேக்டீரியத்தை எதிர்த்து நிற்க வேண்டியதும் இதே அணுக்கள்தான். காவல் போன இடத்தில் காசநோய்க் கிருமி சுலபமாகக் குடியேறும். இந்தத் தூளால் வரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் காசநோய் அதிகம் வருவது உலகம் முழுக்க நிரூபணமானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் காசநோயும் கன்சாசியும் இரண்டுமே அதிகம் பார்த்தார்கள். அம்மாவுக்கு முதலில் வந்தது உண்மையான டி.பி.யாக இருந்திருக்கும், மருந்தில் குணமும் ஆகியிருக்கும். ஆனால் அது விட்டுப்போன தழும்பும், விரிந்துபோன மூச்சுக்குழாயும் அப்படியே நிற்கின்றன. சளி அங்கே தேங்கும். தேங்கிய இடத்தில் தண்ணீரிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்த மெதுவான கிருமிக்கு அவசரமே இல்லை.

இது அம்மாவின் தப்பில்லை. சுத்தமில்லாமல் இருந்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உழைத்ததால் வந்தது. சிலிக்கோசிஸ் தொழில்நோய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ராஜஸ்தான் அரசு 2019-ல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, நோயைச் சான்றளித்து உதவித்தொகை கொடுக்கிறது. கல்லும் ஜல்லியும் விற்றுப் பிழைக்கும் எல்லா மாவட்டத்துக்கும் அது தேவை. புதுக்கோட்டைக்குத் தேவை. அம்மாவின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டரிடம் "இவர் இருபது முப்பது வருடம் கல் உடைத்தவர்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அது அவர் பார்க்கும் படத்தையே மாற்றும்.

இனி, நீங்கள் ராத்திரி தூக்கமில்லாமல் யோசிக்கும் விஷயம். அம்மாவின் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறீர்கள், பேரனை மடியில் உட்கார விடுவதில்லை. சி.பி.நாட்டிலும் வளர்ப்பிலும் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்துவிட்ட பிறகு அது வேண்டாம். மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வரும் இந்த ஏவியம் கூட்டம் ஒருவர் இருமலிலிருந்து இன்னொருவருக்குப் பரவுவதாகத் தெரியவில்லை. பேரனை மடியில் வைத்துக்கொள்ளட்டும். உண்மையான காசநோயிலேயே தட்டால் பரவுவதில்லை, இருமலில் வெளிவரும் காற்றால்தான் பரவும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் வாலஸ் ஃபாக்ஸும் அவரோடு இருந்தவர்களும் ஏழை நோயாளிகளில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியில் வைத்தும் பாதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து வரவில்லை. 1959-ல் வந்த அந்த முடிவைப் பார்த்துத்தான் உலகம் முழுக்க நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கும் வழக்கம் மெல்ல ஒழிந்தது. சென்னையில் நடந்த வேலை அது. நம் வீடுகளில் இன்னும் தட்டு தனியாக இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சிகிச்சைக்கு வருகிறேன். சளியில் ஒரு முறை வளர்ந்துவிட்டதால் மட்டும் இந்த நோய் என்று முடிவுகட்டுவதில்லை. கிருமி குழாய்த் தண்ணீரிலேயே இருப்பதால், வாய் கொப்பளித்த தண்ணீரிலிருந்துகூட மாதிரியில் ஏறிவிடலாம். அதனால் வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளி மாதிரிகளில் அதே இனம் வளர வேண்டும். கூடவே இருமல், காய்ச்சல், எடை குறைதல் போன்ற தொந்தரவு இருக்க வேண்டும், சி.டி. ஸ்கேனிலோ எக்ஸ்ரேயிலோ அதற்கேற்ற அடையாளமும் இருக்க வேண்டும். எனவே இன்னொரு முறை சளி கேட்பார்கள், கொடுங்கள். காலையில் எழுந்ததும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி அடியிலிருந்து வரும் கோழையைத் துப்ப வேண்டும். எச்சில் போதாது.

ஏவியம் கூட்டம் என்று உறுதியானால் வழக்கமாகக் கொடுப்பது மூன்று மருந்து: அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால். நுரையீரலில் குகை விழுந்திருந்தால் முதல் சில மாதம் அமிகாசின் ஊசியும் சேரும். அம்மா இத்தனை நாள் சாப்பிட்ட டி.பி. மாத்திரையில் இருக்கும் ஐசோனியாசிடும் பைரசினமைடும் ஏவியத்துக்கு உதவாதவை. மற்ற இரண்டு ஓரளவு உதவும் என்பதால்தான் சிலருக்கு முதலில் இருமல் குறைந்தமாதிரி இருந்து மறுபடி வருகிறது. அந்த நிலையில் மருந்துக்குக் கட்டுப்படாத டி.பி. என்று நினைத்து இன்னும் கடுமையான மாத்திரைக்கு மாற்றிவிடுவதும் நடக்கிறது. கன்சாசியாக இருந்தால் நல்ல செய்தி, அது மருந்துக்கு நன்றாகக் கேட்கும். சிமியே பிடிவாதக்காரக் கிருமி, அதற்கு வேறு கூட்டு தேவை. பெயர் கேளுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான்.

ஏவியம் கூட்டத்துக்குக் காலக் கணக்கு டி.பி.யைப் போல இல்லை. மாதாமாதம் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள். கிருமி வளராமல் போன நாளிலிருந்து 12 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். ஆரம்பித்த நாளிலிருந்து இல்லை. ஒன்றரை வருடம் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். எத்தாம்புட்டால் கண்ணைப் பாதிக்கலாம். சிவப்பும் பச்சையும் மங்கினால், எழுத்து தெளிவில்லாமல் போனால் அன்றே போய்ச் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். காதில் இரைச்சல் கேட்டாலும் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சளி பிடித்தால் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இனி அது கூடாது. இந்த நோயில் அசித்ரோமைசின்தான் முதுகெலும்பு. அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும். இது சும்மா சொல்லும் பயமுறுத்தல் இல்லை, கிருமியின் உடம்பிலேயே காரணம் இருக்கிறது. எந்த உயிரும் புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும், அதைக் கட்ட வேண்டிய மரபணுத் தொகுதி ஈ.கோலையிடம் ஏழு இருக்கிறது. மெதுவினங்களிடம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அவை மெதுவாக வளர்வதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அசித்ரோமைசின் போய்த் தாக்குவதும் அதே ரைபோசோமைத்தான். ஏழு இருக்கும் கிருமியில் ஒன்று மாறினாலும் மற்ற ஆறும் மருந்துக்கு மாட்டும். ஒன்றே இருக்கும் கிருமியில் அந்த ஒன்றில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், மருந்து செல்லாது. கூட வேறு மருந்து இல்லாத நேரத்தில் அப்படி மாறிய ஒன்று பிழைத்து, மெதுவாக, எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் குணப்படுத்துவது மிகவும் கஷ்டம். அக்கறையோடு யாராவது பக்கத்து வீட்டிலிருந்து அந்த அட்டையை நீட்டினாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நெபுலைசர் வைத்திருந்தால் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். வாசல் பெருக்குவது, எரு தூற்றுவது போன்ற புழுதி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். விறகடுப்புப் புகையிலிருந்து தள்ளி இருக்கட்டும். சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சியை ஆஸ்பத்திரியில் கற்றுக்கொள்ளுங்கள், மருந்தைப் போலவே அதுவும் முக்கியம். ஒல்லியானவர்களை இந்த நோய் அதிகம் பிடிக்கிறது, அதனால் சாப்பாடு விஷயத்தில் அம்மா "எனக்கு எதுக்கு" என்று சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். முட்டை, கடலை, மீன், பருப்பு, எது கையில் கிடைக்கிறதோ அது.

அரசிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோயை 2012-லிருந்து கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும். காசநோய் என்று பதிவானவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வருகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானதும் எடை, மூச்சு, ஆக்சிஜன் பார்த்து, மிகவும் தளர்ந்தவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. அருமையான வேலை. ஆனால் "காசநோய் அல்லாத" என்ற தாள் கைக்கு வந்த அன்றே நோயாளி இந்த வரிசையிலிருந்து வெளியே போய்விடுகிறார். பதிவு கிடையாது, உதவித்தொகை கிடையாது, ஒன்றரை வருட மாத்திரை கையிலிருந்து. அதே நுரையீரல், அதே மெலிவு, அதே கூலி இழப்பு. எத்தனை பேர் என்று யாரும் எண்ணாததால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. சளியில் கிருமி, சி.பி.நாட்டில் இல்லை என்று வரும் ஒவ்வொருவரின் சளியும் தானாகவே வளர்ப்புக்கும் இனம் பிரிக்கவும் போக வேண்டும், அவர்கள் கணக்கு தனியாக வைக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய கட்டிடம் வேண்டியதில்லை. மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்து உரிய கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது.

புதுக்கோட்டையில் 2017-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. நுரையீரல் பிரிவில் நேராகப் போய்ப் பாருங்கள். போகும்போது மூன்று தாளையும், முதல் டி.பி.க்கு எடுத்த பழைய எக்ஸ்ரே கிடைத்தால் அதையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். அம்மா எந்தெந்தக் குவாரியில் எத்தனை வருடம் இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அம்மாவையே எழுதச் சொன்னாலும் சரி. டி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்துவதா மாற்றுவதா என்பதை அங்கே தாளைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். இனம் பிரித்த முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பெயர் தெரிந்த பிறகு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி